எங்கள் ஹாலுக்கு வந்த ஆரஞ்சு மரங்கள்

சென்னையில் என்னோடு ரூமில் இருப்பவள் போன வாரம் ஆன்லைனில் ஒரு பார்சல் வரவழைத்தாள். பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் இலைகள். ஆரஞ்சு, மஞ்சள், செங்கல் நிறம். அவற்றை ஜன்னல் கம்பியில் மாலை மாதிரி சுற்றி, நடுவே சீரியல் பல்பு போட்டு, கீழே ஒரு பூசணிக்காயையும் வைத்துவிட்டு, "ஆட்டம் வைப்ஸ்டி, எப்படி இருக்கு?" என்றாள். வெளியே ஐப்பசி மழை சாக்கடையைத் தெருவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் இரண்டே நாளில் சாம்பாருக்குப் போனது வேறு கதை.

"எங்க வீட்ல இதெல்லாம் அப்பவே இருந்துச்சு, நீ ரொம்ப லேட்டு" என்றேன். கெத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் பொய் இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் ஹால் சுவருக்கு ஓர் இலையுதிர்காலம் குடிவந்தது. அதற்கு முன் அது எதிர்வீட்டுச் சுவரில் இருந்தது.

எதிர்வீட்டு மாமாவும் அத்தையும் எங்களுக்குச் சொந்தம் கிடையாது. டவுன்ஷிப்பில் யாருக்கும் யாரும் சொந்தம் கிடையாது. எல்லோரும் எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். அதனாலேயே எல்லோரும் மாமா, எல்லோரும் அத்தை. அவர்கள் விருதுநகர்ப் பக்கம், நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். மாமா நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டியவர். அப்பா அதே ஷிப்டில் அவருக்கு ஜூனியர். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. எதிர்வீடு என்பது எங்கள் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. எங்களுக்கு இடது பக்கம் அடுப்படி என்றால் அவர்களுக்கு வலது பக்கம்.

அவர்கள் ஹாலில் ஒரு பெரிய சீனரி மாட்டியிருந்தது. கண்ணாடி போட்டு மரச்சட்டம் அடித்தது. இரண்டு பக்கமும் ஆரஞ்சு மரங்கள், நடுவில் இலை கொட்டிக் கிடக்கும் பாதை, பாதை முடியும் இடத்தில் சிவப்பு ஓட்டு வீடு. வீட்டின் புகைபோக்கியிலிருந்து நூல் மாதிரி புகை. ஆள் நடமாட்டமே இல்லை.

எந்த ஊர் என்று மாமாவிடம் கேட்டேன்.

"நாங்க போகப்போற ஊரு தாயி. எம்மவன், உங்க அண்ணன், பெங்களூர்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கான்ல, இந்தா, இதுதான்."

"இலையெல்லாம் ஏன் ஆரஞ்சா இருக்கு?"

"அந்த ஊர்ல பச்சைக்குப் பெர்மிஷன் இல்ல."

"வீட்ல யாருமே இல்லையே?"

"ஏன் இல்ல? புகை வருது பாரு. உங்க அத்தை உள்ள நின்னு உனக்குப் பணியாரம் சுடுறா."

"ஆமா, படத்துக்குள்ள போயும் எனக்கு அடுப்படிதானா?" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

நான் நம்பினேன். மூன்றாம் வகுப்பில் நம்பாமல் பின்னே எப்போது நம்புவது.

ஆவணியில் மாமா ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, கம்பெனி வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பிளாக் முழுக்க லட்டு. கொஞ்ச நாளில் பெங்களூரிலிருந்து அவர்கள் மகன், அதாவது அந்த அண்ணன், புதுக் காரில் வந்தான். மாமாவை ஏற்றிக்கொண்டு பேங்குக்குப் போனான். திரும்பி வந்ததும் மாமா தெருவில் நின்றபடியே அப்பாவிடம், "எல்லாத்தையும் அவன் கையில குடுத்துட்டேன்யா. இனி நமக்கென்ன, திங்கிறது, தூங்குறது" என்றார்.

"நல்லதுங்கண்ணா" என்றார் அப்பா.

தீபாவளி முடிந்ததும் பெங்களூர் போகிறோம் என்று அத்தை பிளாக் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காலி செய்கிறவர்கள் பாதிச் சாமானை இங்கேயே கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். டவுன்ஷிப்பில் புதுச் சாமான் என்பதே அபூர்வம். ஒரே ஷோகேஸ் நாலைந்து பிளாக் சுற்றியிருக்கும். இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சும்மா வருவது போல வந்து காபி குடிப்பார்கள். குடித்துக்கொண்டே விரல் முட்டியால் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்பார்கள். அவ்வளவுதான், புக் ஆகிவிட்டது. பின்பக்கம் சாக்பீஸால் தங்கள் கதவு எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் கிளம்பும் நாள்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. யார் யாருடைய எண்ணோ எழுதிய கட்டிலில் அவர்கள் தூங்குவார்கள், யார் யாருடைய எண்ணோ எழுதிய நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அதுதான் மரியாதை.

அந்த மரியாதையை மீறியது என் அம்மா.

அந்தத் தீபாவளிக்குக் கோயமுத்தூரிலிருந்து பெரியம்மா முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மாவின் அக்கா. சொந்த வீடு, கிரானைட் தரை, இன்ன பிற. புரட்டாசியிலிருந்தே அம்மா அலங்காரத்தில் இறங்கிவிட்டாள். காலி செய்துபோன ஒரு வீட்டின் கர்ட்டனை வெட்டி எங்கள் ஜன்னலுக்குத் தைத்தாள். இன்னொரு வீட்டின் உடைந்த மீன் தொட்டியில் செம்மண் போட்டு மணிபிளான்ட் வைத்தாள். மழை தொடங்கினால் எங்கள் ரோடெல்லாம் மரமல்லி கொட்டும். ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போது காலடியில் வெள்ளையாக, ஈரமாக, வாசனையாகக் கிடக்கும். அதைப் பொறுக்கி வரச் சொல்லி, பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டாள். இந்தக் காலமாக இருந்திருந்தால் ரீல்ஸ் போட்டிருப்பாள்.

ஆனால் ஹால் சுவர் மட்டும் மொட்டை. கம்பெனிச் சுவரில் ஆணி அடித்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று அப்பாவுக்குப் பயம். யாரும் வந்து கேட்டதாக நான் அறியேன்.

அம்மா எதிர்வீட்டில் அந்தச் சீனரியையும் ஒரு பிரம்பு நாற்காலியையும் புக் செய்திருந்தாள். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"அக்கா, எங்கக்கா வர்றாங்க. ஹால் மொட்டையா கெடக்குது. நீங்க கிளம்பறப்ப எடுக்கறதை இப்பவே எடுத்துக்கட்டுங்களா? எப்படியும் தீபாவளி முடிஞ்சா போயிருவீங்கதானே?"

அத்தை முந்தானையால் சீனரியின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"குடு, குடு. அசல் வீட்டுக்கே போகப்போறோம், படம் எதுக்கு?" என்று மாமாவே எழுந்து அதைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் சுவர் புது மஞ்சளாக, சதுரமாகத் தெரிந்தது.

அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்ததை பிளாக்கே பார்த்தது. அடுத்த நாள் முதல் ஒவ்வொருவராக வந்தார்கள். "அவங்க எடுத்துட்டாங்க, நாங்க மட்டும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார்கள். ஷோகேஸ் போனது. டிவி போனது. கட்டில், பீரோ, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் ஒரே வாரத்தில் போயின. வேண்டாம், இப்போது எடுக்காதீர்கள் என்று சொல்ல ஒரு வாய் போதும். அத்தை சொல்லவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். கடைசியில் டம்ளர்களும் போன பிறகுதான் காபி நின்றது.

எனக்குச் செம ஜாலி. காலி ஹாலின் நடுவில் நின்று கத்தினால் என் பெயரையே வீடு திருப்பிச் சொல்லும். மாமாவும் என்னோடு சேர்ந்து கத்துவார்.

டிவியும் இல்லை, வேலையும் இல்லை, மனிதர் என்னதான் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, மைன்ஸ் தெரிகிற மேட்டு ரோட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த ஸ்கூட்டரின் பின்னால்கூட யாரோ சாக்பீஸால் கதவு எண் எழுதியிருந்தார்கள். மேட்டில் நின்றால் பள்ளம் அடிவானம் வரைக்கும் போகும். மேலே செம்மண், சாயங்கால வெயிலில் தகதகவென்று ஆரஞ்சு. அதற்குக் கீழே மஞ்சள். அதற்குக் கீழே வெள்ளை. அடியில் பென்சில் கோடு மாதிரி கறுப்பு. தூரத்தில் பூச்சி மாதிரி ஒரு மெஷின்.

"அந்தா, அதுதான் என் வண்டி."

"மாமா, இங்கயும் ஆரஞ்சுதான்!"

"ஆமா தாயி. இத்தனை வருசமும் இந்தக் கலரைத்தான் சொரண்டிச் சொரண்டிப் போட்டேன். கீழ கறுப்பு தட்டுற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ரிட்டயர்மென்ட்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஜோக் என்னவென்று தெரியாவிட்டாலும் அவர் சிரித்தால் நான் சிரித்துவிடுவேன்.

அத்தை தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். "எங்க போன்ல டவரே கிடைக்கல. ஒரே ஒரு தடவை போட்டுக்கிடட்டுமா?" என்பாள். நம்பரை நான்தான் அழுத்துவேன், எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் ஒரு பாட்டு ஓடும். பாட்டு முடிந்ததும் கட் ஆகும். "மீட்டிங்ல இருப்பான்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய பழைய நாற்காலி. கைப்பிடியில் பிரிந்திருந்த ஒரு பிரம்பை விரலால் உள்ளே தள்ளுவாள். அது வெளியே வரும். மறுபடி தள்ளுவாள். இருட்டும்வரை அதுதான் வேலை.

அம்மாவுக்குக் கடுப்பு. "சேரைக் கொடுத்துட்டு சேரைப் பாக்கவே வர்றாங்க. மனசில்லாம கொடுத்திருப்பாங்களாட்ட இருக்குதுங்க" என்று அப்பாவிடம் புலம்பினாள். மறுநாள் நாற்காலியைப் படுக்கையறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அன்று அத்தை வந்தாள், நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். போன் பாட்டுப் பாடியது. கட் ஆனது.

தீபாவளிக்குப் பெரியம்மா வந்தார். கர்ட்டன், மீன் தொட்டி, உருளி, சீனரி, மறுபடி ஹாலுக்கு வந்துவிட்ட பிரம்பு நாற்காலி என்று ஒரு சுற்றுப் பார்வை பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, எல்லாம் செகண்ட்ஸாட்ட இருக்குது?" என்றார். இரண்டு மாத உழைப்பு, ஒரே வரியில் காலி. அம்மா முகம் சுருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமாவும் அத்தையும் அதிரசத்தோடு உள்ளே வந்தார்கள். மாமா செருப்பைக் கழற்றியதும் பழக்கதோஷத்தில் விசிறி சுவிட்சைத் தேடி எதிர்ச் சுவருக்குப் போனார். அங்கே சுவிட்ச் இல்லை, சீனரிதான் இருந்தது. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

பெரியம்மா சும்மா இருக்கலாம். "நீங்க எப்பங்க காலி பண்றீங்க? எங்க போறீங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை அதிரசத் தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாத மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

"அவங்க இங்கதான் போறாங்க பெரியம்மா" என்று சீனரியைக் காட்டினேன். "இந்த ஓட்டு வீட்டுக்கு. அத்தை உள்ள சமைப்பாங்க. புகை வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாமாதான். தோள் துண்டால் கண்ணைத் துடைக்கும் அளவுக்கு. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

பெரியம்மா ஊருக்குப் போன மறுநாள், அத்தை வந்து போன கொஞ்ச நேரத்தில் எங்கள் போன் அடித்தது. அந்த அண்ணன். அம்மா எடுத்தாள். அந்தப் போனில் பேசினால் பக்கத்து அறைவரை கேட்கும்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், உங்க போன்ல இருந்து அம்மாவைக் கூப்பிட விடாதீங்க. இங்க வீடு எங்களுக்கே பத்தல. அவங்களைக் கூட்டிட்டு வந்து எங்க வைக்கிறது? நான் அப்பாகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்."

அம்மா, "சரிங்க தம்பி" என்று மட்டும் சொன்னாள். நான் போய்ச் சீனரியை உற்றுப் பார்த்தேன். அந்த ஓட்டு வீட்டுக்கு இரண்டே ஜன்னல்கள். அண்ணன் சொன்னது சரிதான், சின்ன வீடுதான்.

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு தூறலில் தெருவைக் கடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. படத்தையும் கொண்டாந்து மாட்டிடறேன். நீங்க எத்தனை நாள் இருந்தாலும்..."

"கொடுத்தது கொடுத்ததுதான் தங்கச்சி" என்றாள் அத்தை. பாயை விரித்து அதில் உட்கார்ந்திருந்தாள். "இனி எத்தனை நாளு? வண்டி அனுப்புறேன்னு அவன் சொல்லிட்டான். எடுத்துட்டுப் போ, நனையுது பாரு."

"சரிங்கக்கா" என்றாள் அம்மா. எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை குட்டி யானை வண்டி ஒன்று வந்து நின்றது. அண்ணன் வரவில்லை. இரண்டு மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, கேஸ் அடுப்பு, சிலிண்டர், பாய். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இவ்ளோதானா சாமான்? இந்த வூட்டுக்கு ஆட்டோவே போதுமே. சீக்கிரம் ஏறுங்க, மழ வந்துகினு இருக்குது."

அத்தை முன்னால் ஏறினாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மாமா பின்னால் தார்பாய்க்குள் மூட்டைமேல் உட்கார்ந்து, ராஜா மாதிரி கை காட்டினார்.

"புகையைப் பாத்துக்கோ தாயி! புகை வந்தா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தம்!"

வண்டி தெருமுனையில் இடது பக்கம் வடலூர் ரோட்டுக்குத் திரும்பியது. பெங்களூர் பஸ் வலது பக்கம்தான் போகும். ஷார்ட்கட்டாக இருக்கும் என்றேன். அப்பா "ம்" என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு தினமும் பல் தேய்த்துக்கொண்டே சீனரியைப் பார்ப்பேன். மழை, ஸ்கூல் லீவு, கரண்ட் கட், எது நடந்தாலும் புகை வந்துகொண்டே இருந்தது. எனக்கு நிம்மதி.

தை மாசம் வடலூரில் ஒரு கல்யாணம். அப்பா பைக்கில் மூன்று பேரும் போனோம். மண்டப வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சட்டை ஒரு சைஸ் பெரிது, தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சல்யூட். எங்கள் பைக்கைப் பார்த்ததும் அப்பாவுக்கும் ஒரு சல்யூட் அடித்து, "அந்தப் பக்கம் விடுங்க சார்" என்றார். அடித்த கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

அப்பா பைக்கை விட்டு இறங்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. "அண்ணா..." என்றார்.

மாமா கையை இறக்கினார். "சைடு ஸ்டாண்டு வேணாம், சென்டர் ஸ்டாண்டு போடுய்யா. நெறைய வண்டி வரும்" என்றார், மைன்ஸில் பேசும் அதே குரலில்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா! லீவா?"

"ஆமா தாயி. லீவுல வந்திருக்கேன்."

"ஏன் யூனிபார்ம்?"

"அந்த ஊர்ல எல்லாரும் இதான் போடணும்."

"அத்தை வரலையா?"

"புகை வருதுல்ல?"

"டெய்லி வருது."

"அப்புறம் என்ன" என்று குனிந்து, தரையிலிருந்து ஒரு இலையை எடுத்தார். உள்ளங்கையைவிடப் பெரிசு; பாதி சிவப்பு, பாதி ஆரஞ்சு. சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உனக்குன்னு அங்கருந்து கொண்டாந்தேன். பத்திரம்."

வாசலில் ஒரு வாதாம் மரம் நின்றது. அதைச் சுற்றிலும் அதே மாதிரி இலைகள் நிறையக் கிடந்தன. மாமா எக்கச்சக்கமாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் அப்பா இலையைச் சீக்கிரமே மூடிவிட்டார். பாயசம் வருவதற்குள் மூடியதில் எனக்குத்தான் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சீனரிக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே அந்த இலையைச் செருகினேன். படத்து மரங்களுக்குப் பக்கத்தில் அப்படியே பொருந்தியது. மறுநாள் கிளாஸ் முழுக்கச் சொன்னேன்: எங்க மாமா அந்த ஊர்ல பெரிய வேலையில இருக்காரு, யூனிபார்ம் எல்லாம் உண்டு, லீவுக்கு வந்தாரு.

அன்று சாயங்காலம் அம்மா ஹாலைக் கூட்டும்போதுதான் இலையைப் பார்த்தாள். அது என்னவென்று கேட்டாள். மாமா அங்கிருந்து கொண்டுவந்தது என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியில் பிரிந்திருந்த பிரம்பு விரலில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று எழுந்து, சுவரோரமாகத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவு நல்ல நாற்காலி காலியாகக் கிடக்கும்போது யாராவது தரையில் உட்காருவார்களா? நான் ஏறி அதில் உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. ஆட்டிக்கொண்டே, புகை வருகிறதா என்று பார்த்தேன்.

வந்துகொண்டிருந்தது.